சந்தனம் பட்ட வெண்பலகை

தணிகைமலைமேல் நிற்கும் செவ்வேளின் திருவடி இப்பக்கத்தின் தலையில் நிற்க. மற்றவை யாவும் அதன்கீழ் நிற்க, எழுதுகிற நானும்.

புரட்டாசி 22, வியாழன்

காலையில் தூறல். மலை பாதிக்குமேல் தெரியவில்லை. இடது முழங்கால் வலி. படியேறவில்லை. வாசலிலிருந்தே கைகூப்பல்.

முன்னறையில் இருப்பவர்கள் வந்து ஒரு வாரம். நவராத்திரிக் கூட்டத்தில் சத்திரத்தில் இடமில்லை என்று தாலுகா அலுவலகத்தார் வந்து கேட்டனர். கொடுத்தேன். கொடுத்திருக்கலாகாது.

பின்னால் மறந்துபோகும் என்பதால் குறித்து வைக்கிறேன். டாக்டர் ரங்கராஜன், இனி டா. ஊசி போடும் டாக்டர் அல்லர். உதவிக்குச் சுகந்தி என்னும் பெண். இருவரும் சென்னை. ஒரு ஜீப்பு, ஓர் ஏணி, நான்கு பெட்டிகள். அவர்கள் தொழில், வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துப் பயிரின் உடல்நிலை சொல்வது. சொன்னது சரிதானா என்று தரைக்கு வந்து பார்ப்பது. தரைக்கு வந்துதான் பார்க்க வேண்டுமெனில் வானம் எதற்கு? கேட்டேன். டா. சிரித்தார். சிரிப்பு விடையாகாது.

படத்தையும் காட்டினார். பச்சை இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்பு. திருவாலங்காட்டுப் பக்கத்துக் கரும்பு முழுதும் குருதி சிந்தியது போல. சரவணப் பொய்கை ஒரு கரிய புள்ளி.

“மலை எங்கே தம்பி?”

“இதோ சார், இந்தத் திட்டு.”

உலகைக் காக்க வேலெடுத்தவன் சினம் தணிந்து நின்ற இடம் இவருக்குத் திட்டு.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். இலை சிவப்பொளியைத் தின்றுவிடுமாம். அதற்கு அப்பால் நம் கண்ணுக்கு எட்டாத ஒளி ஒன்று உண்டாம். அதனை இலை அப்படியே திருப்பி எறியுமாம். நலமுள்ள இலை நிறையத் தின்று நிறைய எறியும். நோயுற்றது இரண்டிலும் குறையும். எட்டாத ஒளிக்குப் படத்தில் சிவப்பு வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள். கண் காணுமுன் கருவி நோயைக் காணும் என்பது அவர்கள் துணிபு.

பெண்ணுக்கு அறிவு உண்டு. கூட்டு சரியில்லை.

பிற்பகலில் ஒரு குறள் வெண்பா வந்தது:

கண்ணிருந்தும் காணார் கருவியால் காண்பரோ
மண்விளைந்த பச்சை வனப்பு.

டா.விடம் சொன்னேன். “ரொம்ப நல்லா இருக்கு சார், இது எந்தக் கோயில் பாட்டு?” என்றார்.

புரட்டாசி 24, சனி

வெயில். பால்காரன் தாமதம். குரங்கொன்று சமையற்கட்டின் வாழைப்பழச் சீப்பைத் தூக்கிச் சென்றது. பாதியைத் திருப்பி எறிந்தது. அதற்குள்ள நாகரிகம்.

டா. பொதட்டூர்பேட்டை லுங்கி ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு, பூசை வேளையில் நடுக்கூடத்தில் பல் துலக்கியவாறு நடந்தார். கட்டமிட்ட லுங்கி. காலணியோடு.

நாளை ஆயுத பூசை. வாங்க வேண்டியவை: பொரி, உடைத்த கடலை, பூசணிக்காய், எலுமிச்சை, சூடம். கமலத்துக்கு மலைச்சந்தனம்.

கமலம் என் தங்கை. அவள் கணவர் முனுசாமி, இனி மு., திருவாலங்காட்டுக்கு இப்பால் கரும்பு வைத்திருக்கிறார். நெல்லை விட்டுவிட்டு இவ்வாண்டுதான் நிலம் முழுதும் கரும்பு. ஆலைக்குப் பதிவாகியிருக்கிறது, தையில் வெட்டு. அவ்வீட்டின் அடுத்த ஆண்டுச் சோறு முழுவதும் அந்தக் கரும்பில் நிற்கிறது. மு.வுக்கு இருமல் விடவில்லை என்று சந்தனம் கேட்டிருந்தாள். மூலவர் திருமார்பில் சாத்திய சந்தனத்தை நாம் நெற்றியில் இடுவதில்லை. நீரில் கரைத்து நோய்க்கு உட்கொள்வோம். ஊரறிந்தது. டா. அறியாதது.

கடைத்தெருவில் இருவர்:

“இன்னாய்யா, கரும்புக்கு ஜோசியம் பாக்குற மிசினு வந்துகீதாமே?”

“ஆங். ஏணி மேல ஏறிகினு மேலருந்து பாக்குதாம். ஒம் பொண்ணுக்கு எப்ப வரன் வரும்னு கேளேன்.”

டா.வைக் குறித்து இவ்வூரில் கேட்ட முதல் தெளிவான கருத்து.

புரட்டாசி 25, ஞாயிறு. ஆயுத பூசை

கமலம் உணவுக்கு அழைத்திருந்தாள். பேருந்துக்கு நிற்க முழங்கால் இடம் தரவில்லை. டா. தம் ஜீப்பில் ஏறச் சொன்னார். அவர்களும் மு.வின் கரும்பை அளக்கத்தான் போகிறார்கள். “வெயில் அடிக்குது சார், விடக்கூடாது” என்றார்.

உழவன் ஏரைத் தொடாத நாள். தறிகாரர் நாடாவைத் தொடாத நாள். தையற்காரனும் கத்தரிக்கோலைக் கழுவி வைத்துவிட்டுப் பொரி தின்னும் நாள். கருவி ஓய்வு கொள்ளும் அந்த ஒரு நாளில் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் இவர் ஒருவரே. சொன்னேன். “சூரியனுக்கு லீவு இல்லையே சார்” என்றார்.

வரப்பில் கமலம் வழிமறித்தாள்.

“ஐயா, பூச போடாத சாமான எங்க கயனிக்குள்ள எறக்காதீங்க. நல்ல நாளு.”

டா. நின்றார். கமலம் ஏணிக்குப் பொட்டு வைத்தாள். பெட்டிக்கு. கருவியின் தலைக்கு. பிறகு பெட்டிக்குள் கறுப்புத் துணியில் பொதிந்த ஒரு பலகையைக் கண்டாள். சாணகலத்தில் இருக்கும். அத்தனை வெண்மையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அப்போதுதான் இட்ட திருநீறு போல. அதற்கு மட்டும் அவள் சாதாரணச் சந்தனம் எடுக்கவில்லை. நான் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

“கமலம், அது இடுகிற சந்தனம் அன்று.”

“தெரியும்ண்ணா. நோவு தீக்குற சந்தனந்தானே? நோவு தேடற பொருளுக்கு வெக்கறேன்.”

விதி மீறல்தான். ஆயினும் கருத்து நன்று. தடுக்கவில்லை. பட்டையாக இழுத்து நடுவில் குங்குமம் வைத்தாள். சுகந்தி “அம்மா, அதுல வேண்டாம்...” என்று தொடங்கினாள். டா. “விடும்மா, மனசு நோகும்” என்றார். கமலம் அப்பால் சென்றதும் கிணற்று நீரில் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துத் துடைத்தார்.

மரியாதைக்காக ஏற்பது, பிறர் முதுகு திரும்பியதும் துடைப்பது. படித்தவர் பண்பு.

ஏணியை மாட்டுவண்டி மேல் நிறுத்தி, உச்சியிலிருந்து ஒரு கழியில் கருவியை நீட்டிக் கரும்பைப் பார்த்தார்கள். மேகம் வருமுன் முடித்துவிட்டனர். பூசணிக் கூட்டு நன்றாயிருந்தது.

புரட்டாசி 27, செவ்வாய்

நேற்றிலிருந்து மழை. அவர்கள் வெளியே போகவில்லை. முன்னறையில் ஓயாமல் கணக்கு.

மாலையில் டா. நடுக்கூடத்துக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

“சார், உங்க மச்சினர் கரும்பு முழுக்க நோய். போன வாரம் பார்த்த ஊர்ல எல்லாம் நல்லா இருக்கு. இவருது மட்டும் மோசம். செவ்வழுகலா இருக்கலாம், கழி உள்ள சிவந்து அழுகிடும். காலைலயே ஆலைக்குப் போன்ல சொல்லிட்டேன். பக்கத்து நிலத்துக்குப் பரவிடும்.”

“நீர் கண்ணால் கண்டீரா?”

“கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே கருவி காட்டும் சார்.”

கண்ட நோய்க்கு மருந்துண்டு. காணாத நோய்க்கு மறுப்பும் இல்லை. இவர்களுடைய தொழிலின் சூட்சுமம் இதுவே.

இரவு உணவு கொள்ளவில்லை.

புரட்டாசி 28, புதன்

மு. காலைப் பேருந்தில் வந்துவிட்டார். மனைவியின் அண்ணனான என்னைப் பாவா என்றே அழைப்பார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

“இன்னா பாவா இது! பச்சப் பசேல்னு நிக்குது, சீக்குன்றான். ஆலக்காரரு நேத்தே வந்து வெள்ளிக்கெழமைக்குள்ள அத்தினியும் தோண்டிக் கொளுத்துன்றாரு. நான் இன்னாத்தக் கொளுத்தறது? என்னியவா?”

“அலுவலர் கரும்பைப் பிளந்து பார்த்தாரா?”

“ஆங், பாதையோரம் ரெண்டு கழி. உள்ள வெள்ள வெளேர்னு கீது. அப்பவும், ‘படிச்சவங்க மிசினு வெச்சி சொன்னப்பறம் நான் வெட்டுக்கு ஒத்துக்க முடியாதுங்க’ன்றாரு.”

கண்ணெதிரில் வெள்ளைக் கரும்பு. காதில் ஒருவன் சொல். சொல்லை நம்பினார். இத்தகையோரிடம் அலுவலகம்.

மு. முன்னறை வாசலில் நின்று டா.வைக் கேட்டார்: “சார், நீங்க கரும்பு நட்டுகிறீங்களா எப்பனாச்சும்?”

“இல்லைங்க.”

“தின்னுகிறீங்களா?”

டா. பெட்டியின் மூடியைச் சாத்தினார். நான் உள்ளே சென்று சிரித்தேன். பிறகு மு.வின் மாறிய பொத்தான் கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றது.

மு.விடம் உறுதியாகச் சொன்னேன்: “உம் நிலத்தில் ஒரு நோயும் இல்லை. நான் சொல்கிறேன்.” என்ன ஆதாரத்தில் சொன்னேன்? வெறுப்பின் ஆதாரத்தில்.

புரட்டாசி 29, வியாழன்

வெயில் திரும்பிற்று. ஈரம் உலரட்டும் என்று சுகந்தி பெட்டிகளை முற்றத்தில் திறந்து வைத்திருந்தாள். நான் வேட்டியைக் கொடியில் போட்டேன். வேட்டியின் அருகில் அந்தப் பலகை. வேட்டி வெளுப்பு, பலகை பழுப்பு. நடுவில் பாலாடை படிந்தது போன்ற மங்கல்.

“குழந்தாய், இந்தப் பலகை எதற்கு?”

“முதல்ல இதைப் பார்ப்போம் ஐயா. அப்புறம் இலையைப் பார்ப்போம். இதோட வெள்ளையை வெச்சுத்தான் இலையோட அளவு. வெயில் கூடினாலும் குறைஞ்சாலும் இது சரி பண்ணிடும்.”

“எல்லாவற்றையும் இதனோடு ஒப்பிடுவீர்கள்.”

“ஆமாம் ஐயா.”

“இதை எதனோடு ஒப்பிடுவீர்கள்?”

அவள் பலகையைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள். பலகையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள்.

உள்ளிருந்து டா.வின் குரல்: “நான்தான் துடைச்சேனே! ஒரு பொட்டுக்கு அவ்வளவு மாறாது.” அவள் குரல்: “சார், துடைச்சதுலதான் பூச்சே போயிருக்கு. சந்தனம் உள்ள இறங்கியிருக்கு. அதுக்கப்புறம் நாம அளந்தது முனுசாமி கரும்பு ஒண்ணுதான்.”

நான் வாசலில் நின்று சொன்னேன்: “வாதம் வேண்டா. ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றை அளந்து காட்டும்.”

டா. சினத்தோடுதான் வந்தார். முற்றத்து வாழையை அளந்தார். நோய். செவ்வரளி, நோய். அண்டை வீட்டு முருங்கை, நோய். சாக்கடையோரத்தில் யாரும் விதைக்காமல் யாரும் காவாமல் முழங்காலுயரம் செழித்து நிற்கும் குப்பைமேனி, அதுவும் கடும் நோய்.

“ஊரையே தோண்டிக் கொளுத்தச் சொல்லும்” என்றேன். “மலைமேல் நந்தவனம் இருக்கிறது. அதையும் விடாதீர்.”

டா. அரளிச் செடியின் அருகில் நெடுநேரம் குந்தியிருந்தார். கட்டம் போட்ட லுங்கி சேற்றில். பிறகு எழுந்து, சட்டை மாற்றிக்கொண்டு, தாமே ஆலைக்குப் போய்த் தம் சொல்லைத் திரும்பப் பெற்று வந்தார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பாராட்டும் உத்தேசமில்லை.

கமலத்திடம் சந்தனத்தைப் பற்றி யாரும் சொல்லலாகாது என்று இருவரிடமும் கூறிவிட்டேன்.

புரட்டாசி 31, சனி

சுகந்தி நேற்று அரக்கோணம் சென்று சென்னைக்கு ரயிலேறினாள்; இன்று புதுப் பலகையோடு திரும்பினாள். வண்டி தாமதமாம். எப்போது தாமதமில்லை.

மு. புதுச் சட்டையில் வந்தார். பொத்தான் சரியாக இருந்தது. டா. மறுபடி அளக்க அனுமதி கேட்டார்.

“போதும் சார். மொத தபா எங் கரும்புக்கு சீக்குன்னீங்க. பார்த்தா சீக்கு ஒங்க மிசினுக்கு. இன்னொரு தபா ஏறினா மாட்டுக்கும் சீக்குன்னுவீங்க. வுட்டுடுங்க.”

டா. தலையசைத்து, “நியாயம்தாங்க. நாங்க திங்கட்கிழமை கிளம்பறோம்” என்றார்.

இத்தோடு முடிந்திருக்கும். முடிய விடாதவன் நான். இவர் இப்படி எளிதாகத் தப்பிப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. சென்னை சென்று, சந்தனம்தான் கெடுத்தது, பட்டிக்காட்டார் பொட்டு வைத்துக் கெடுத்தார்கள் என்று நாலு பேரிடம் சொல்வார். அதற்கு இடம் தரலாகாது. தூய பலகையோடு ஏறி, தூய கரும்பைக் கண்டு, தம் வாயால் ‘நலம்’ என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அவமானம் நிறைவுற வேண்டும்.

“முனுசாமி, ஒரு முறை அளக்க விடும். என் பேரில்.”

“இன்னாத்துக்கு பாவா? ஜெயிச்சாச்சே!”

“வென்றது எழுத்தில் இருக்கட்டும்.”

முணுமுணுத்துக்கொண்டு ஒப்பினார்.

ஐப்பசி 2, திங்கள். கிருத்திகை

விடியலிலிருந்தே காவடிக் கூட்டம். ஒலிபெருக்கியில் பக்தியென்று பெயரிட்ட கூச்சல். தெருவெங்கும் மஞ்சள் துணி. மலைக்குப் போக வேண்டிய நாளில் ஜீப்பில் கரும்புக்குப் போனேன். ஐயன் பொறுப்பானாக.

வெயில் தெளிவு. கிழக்கு வரிசைகளில் ஏணி நின்றது. சுகந்தி மேலிருந்து எண் சொல்ல, டா. கீழே எழுதினார். எல்லாம் நலம். நடுவரிசை, நலம். மு. மீசையைத் தடவியவாறு வண்டியின் பின்னே நடந்தார். “ஆங், இன்னும் ஏறுங்க சார். மேல மேகத்தையும் அளங்க.”

தென்மேற்கு மூலையில், வாய்க்கால் கசியும் தாழ்வில், அவள் சொல்லிக்கொண்டே வந்த எண் இறங்கிற்று. மறுபடி பலகையைப் பார்த்தாள், பளபளத்த வெண்மை. மறுபடி இலை. மறுபடி இறக்கம். இரண்டு பாத்தி தள்ளிச் சென்றால் நலம். திரும்பி வந்தால் இறக்கம்.

டா. எழுதுவதை நிறுத்தினார். என்னிடம் மட்டும் மெல்ல: “சார், அந்த மூலை சரியில்லை. அன்னிக்கும் அதுதான் எல்லாத்திலயும் கம்மி. எல்லாமே கம்மியா இருந்ததால கண்டுக்கலை. ஆனா நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒரு தடவ அந்த மனுஷன் வயித்துல அடிச்சாச்சு.”

நான் மூலையைப் பார்த்தேன். மற்றதைப் போலவே பசுமை. என் கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. கரும்புத் தோகையின் ஓசையும் ஒன்றே. நோயில்லை என்று என் வாயால் உறுதி கூறிய நிலம். கூறியது கூறியதாகவே இருக்கலாம், ஒருவரும் அறியார். நோயெனில் தைக்குள் அம்மூலையிலிருந்து நடுவரிசைக்கு வரும், நடுவரிசையிலிருந்து கிழக்குக்கு.

“முனுசாமி, அந்த மூலையில் ஒரு கழியை வெட்டிப் பிளவும்.”

“இன்னா பாவா நீயும்! ஒண்ணும் இல்லன்னு நீதானே சொன்ன?”

“சொன்னேன். பிளவும்.”

“மாட்டேன். வளந்துகினு கீற பயிர சந்தேகத்துல வெட்டறது பாவம்.”

கத்தியை நானே வாங்கினேன். இம்முழங்காலோடு வரப்பிறங்கி, அடிக்கழி ஒன்றைச் சாய்த்தேன். பிளக்க வலுவில்லை. டா. வந்து மறுமுனையைப் பிடித்தார். கழி இரண்டாயிற்று.

உள்ளே சிவப்பு. சிவப்பின் குறுக்கே வெண்திட்டுகள். புளித்த கள்ளின் நாற்றம்.

மு. இன்னொரு கழியைத் தாமே வெட்டினார். அதுவும் சிவப்பு. இன்னொன்று. பிறகு கத்தியை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் எழுந்து நடுவரிசையில் ஒன்றை வெட்டினார். வெள்ளை. கிழக்கில் ஒன்று. வெள்ளை. அந்த வெள்ளைத் துண்டைக் கடித்து மென்று, சக்கையைத் துப்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டார். கமலம் கிணற்றடியிலிருந்து ஓடிவந்தாள். “மூலதான். மூல மட்டுந்தான்” என்று அவளிடம் மும்முறை சொன்னார்.

டா. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் வெறுப்பைத் தொடர்வது எளிதாயிருந்திருக்கும்.

ஐப்பசி 4, புதன்

மூட்டம்; மழை இல்லை. முழங்கால் வீக்கம். வெந்நீர் ஒத்தடம்.

நேற்று முழுதும் மூலைக் கரும்பைத் தூரோடு பெயர்த்தார்கள். இன்று முற்பகலில் எரித்தார்கள். வாய்க்காலை மு. வேறு பக்கம் திருப்பினார். நோய் அந்த நீர் வழியே பரவியிருக்கும் என்பது அவர் கணிப்பு.

ஆலை அலுவலர் வந்தார். புகையைக் கண்டதும் வீரம் வந்துவிட்டது. “நான் அன்னிக்கே சொன்னேன்ல. எதுக்கு வம்பு, மொத்தத்தையும் எடுத்துடுங்க.” நான் வாயெடுக்குமுன் டா. குறுக்கே நின்றார். எழுதிய எண்களைக் காட்டினார். வரிசை வரிசையாக அவரைக் கூட்டிச் சென்று கழி கழியாகப் பிளக்கச் செய்தார். அலுவலரின் செருப்பு சேற்றில் இரு முறை புதைந்தது, டா. மூன்றாம் வரிசையிலும் விடவில்லை. ஒரு மணிக்கு மேல். இறுதியில் அலுவலர், மூலை நீங்கலாக மற்றது தையில் வெட்டலாம் என்று ஒப்பினார். ஒப்பியவர் தாமே முதலில் அப்படிச் சொன்னது போல மு.வுக்கு அறிவுரையும் வழங்கினார். இவரைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

மு. டா.வுக்கு ஒரு கட்டுக் கரும்பு கொடுத்தார், கிழக்கு வரிசையிலிருந்து. “இப்பனாச்சும் தின்னு பாருங்க சார். அளக்காம.” டா. ஜீப்பின் மீது சாய்ந்து நின்று தின்றார். தோலை உரிக்கத் தெரியவில்லை. உதட்டைக் கிழித்துக்கொண்டார். கமலம் சிரித்தாள்.

மாலையில் கிளம்பினார்கள். டா. என் காலைத் தொட வந்தார். முழங்கால் வலி என்று சொல்லிப் பின்வாங்கினேன். அந்தப் பெண்ணுக்கு மட்டும் திருநீறு கொடுத்தேன். பின், இருக்கட்டும் என்று அவருக்கும்.

முன்னறையைக் கழுவிவிட்டாயிற்று. பச்சையைச் சிவப்பென்று அச்சிடுவதை இன்னும் ஏற்கவில்லை. மலையைத் திட்டு என்றதை மன்னிக்கவில்லை. ஆயினும் என் வெறுப்பு ஒருநாள் முன்னதாக நிறைவுற்றிருந்தால் மறுபடி அளக்க விடச் சொல்லியிருக்க மாட்டேன்; அந்த நிலம் முழுதும் போயிருக்கும். இதை வேறெங்கும் சொல்லப்போவதில்லை, ஆகவே இங்கே.

என் காலத்துக்குப்பின் இதனைப் புரட்டும் கண்களுக்கும், அக்கண்கள் உறங்கும் வீட்டிற்கும், அவ்வீடு உண்ணும் நிலத்திற்கும் செவ்வேள் அருள் பெருகுக. நோய் வாராதிருக்க. வந்தால் வேளையோடு தெரிக. தெரிந்தால் ஒரு மூலையோடு ஒழிக.